சாமை மிஷின் நின்ற மதியம்

எங்கள் வீட்டில் சித்தியை எங்கேயும் தனியாக அனுப்பமாட்டார்கள். அவள் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, மலைக் கிராமங்களில் சூரிய வெளிச்சத்தில் ஓடும் சின்னச் சின்ன இயந்திரங்களை வைத்துத் தரும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தச் சட்டம் மாறவில்லை. ஸ்பேனரும் மீட்டருமாக மலையேறுகிற பெண்ணுக்குத் துணை வேண்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி, கடைசியில் நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்த என்னை அனுப்பிவைத்தார்கள். வழியில் நாய் குரைத்தால் நான்தான் சித்தியின் பின்னால் ஒளிவேன். ஆனாலும் துணை துணைதான்.

சேவூரில் எங்கள் தெருவில் கரண்ட் போனால் அப்பா தறியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்து, "ஒரே பேஜாரா பூட்ச்சி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்பார். எதிர்வீட்டுக்காரரும் அதையே சொல்வார். வந்ததும் இருவரும் உள்ளே போய்விடுவார்கள். கரண்ட் என்றால் எனக்கு அவ்வளவுதான், போகும், வரும். ஒரு தடவைகூட வராத ஊர் ஒன்று இருக்கும் என்று சித்தி சொன்னபோது, அவள் என்னை ஏமாற்றுகிறாள் என்றே நினைத்தேன்.

படவேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு ஜீப்பில் பாதி மலை போய், மீதியை நடந்தோம். கரண்ட் கம்பங்கள் ஓரிடத்தில் நின்றுவிட்டன. அதற்கப்புறம் வெறும் பாதை. அதன் முடிவில் இருபது முப்பது வீடுகள், ஆடுகள், நடுவே புதிதாகத் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. அதற்குள்தான் சித்தியின் மிஷின் இருந்தது. சாமையை மேலே கொட்டினால் உமி ஒருபக்கமும் அரிசி ஒருபக்கமும் வரும். அதை ஓட்டுகிற நாலு சோலார் பேனல்களும் கொட்டகைக்குப் பின்னால், இடுப்புயரச் சட்டத்தில் சாய்ந்திருந்தன. முந்தின வாரம் ஊர்க்காரர்களே தலையில் சுமந்து ஏற்றியவை. பேட்டரி கிடையாது. வெயில் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும்.

அன்றைக்குத்தான் முதலில் ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் வந்திருந்தது. இது சரியாக ஓடினால்தான் அவர்கள் ஊரிலும் வைக்க ஒப்புக்கொள்வார்கள். பெண்கள் முறத்தோடும் சாமை மூட்டையோடும் உட்கார்ந்திருந்தார்கள். வானம் முழுக்க மேகம். சித்தி ஸ்விட்சைப் போட்டாள். மிஷின் ஒருமுறை உறுமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"இன்னா மேடம், இது மிஷினா, மழை வருதான்னு பாக்கற ஜோசியமா?" என்றார் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். எங்கள் வீட்டில் யாராவது மாப்பிள்ளைப் பேச்சு எடுத்தால் சிரிக்கிற அதே சிரிப்பு.

காத்திருக்கச் சலித்துப்போய், தொம் தொம் என்று வந்த சத்தத்தைத் தேடிப் போனேன். ஒரு வீட்டு முற்றத்தில் ஓர் அம்மாவும் மகளும் ஒரே உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மதியத்துக்குச் சோறு வேண்டுமே. அம்மாவின் உலக்கை பாதி உயரம் ஏறி இறங்கும்போது மகளுடையது முழு உயரத்துக்கு ஏறியது. ஒருமுறைகூட இரண்டும் மோதவில்லை. குத்திக்கொண்டே அந்த அம்மா யாரோ ஒரு பெரியம்மாவின் ஆடு கோயில் பொங்கலைத் தின்ற கதையைச் சொல்ல, மகள் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் அலமேலு. என் வயதுதான். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாளாம். அப்பா கரும்பு வெட்ட மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அம்மாவுக்குத் தோள் போய்விட்டது. உலக்கையை உயரத் தூக்கித் தனியாகக் குத்த முடியாது.

நானும் குத்துகிறேன் என்று உலக்கையை வாங்கினேன். அது என்னைவிட உயரம். நாலைந்து குத்துக்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது. அலமேலு என் கையை விரித்துப் பார்த்து, "உன்னுது பட்டாட்டம் கீது" என்றாள். பெருமையாக இருந்தது. அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

"மிஷினு மட்டும் ஓடட்டும், பாப்பா. இவள ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல சேத்துடுவேன்" என்றாள் அவள் அம்மா.

அலமேலு உலக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவளுடைய அடுத்த குத்து உரலில் விழாமல் தரையில் விழுந்தது.

மதியத்துக்கு மேல் மேகம் விலகியது. மிஷின் எழுந்து கத்த ஆரம்பித்தது. எல்லாரும் ஓடினோம். முதலில் சாமை கொட்டியது அலமேலுவின் அம்மாதான். இந்தப்பக்கம் அரிசி கொட்டக் கொட்ட, பெண்கள் கையை நீட்டி நீட்டித் தொட்டுப் பார்த்தார்கள். "சூடா கீது பாரேன்" என்றாள் ஒருத்தி, ஏதோ பெற்ற பிள்ளையைத் தொட்டதுபோல. கிண்டல் செய்த பக்கத்து ஊர்க்காரர்கூட குனிந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

அப்போது மிஷின் நின்றது.

எல்லாரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். மேகமே இல்லை. வெயில் கண்ணைக் குத்தியது. சித்தி மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள், மீட்டரை வைத்துப் பார்த்தாள், ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். அவள் ஜாக்கெட் முதுகு முழுக்க நனைந்துவிட்டது. "நமக்கு உலக்கைதான்டி" என்று சொல்லி ஒருத்தி மூட்டையைத் தலைக்கு ஏற்றினாள்.

சித்தி கொட்டகைக்குப் பின்னால் போனாள். துணையாகையால் நானும் போனேன்.

நாலு பேனல்களையும் கம்பளியும் பழைய போர்வைகளும் மூடியிருந்தன. காற்றில் பறக்காமலிருக்க ஓரங்களில் கல் வைத்திருந்தது. பக்கத்தில் அலமேலு உட்கார்ந்திருந்தாள். ஓடி ஒளியக்கூட இல்லை.

சித்தியின் மீட்டரைத் தொட்டதற்கே என் முதுகில் ஒன்று விழுந்திருக்கிறது. இவளுக்கு என்ன விழப்போகிறதோ என்று பார்த்தேன். சித்தி அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா?"

"ஓடக் கூடாது."

"ஏன் ஓடக் கூடாது?"

"ஓடுனா எங்கம்மா என்ன ஹாஸ்டலுக்கு அனுப்பிடும். அப்பறம் அம்மா யாருகூட பேசும்?"

திரும்பினால், அலமேலுவின் அம்மா எங்கள் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. மகளைத் திட்டவில்லை. போர்வையைத் தொடவில்லை. முறத்தில் மீதியிருந்த சாமையோடு தன் வீட்டு முற்றத்துக்குப் போய், உரலில் கொட்டி, உலக்கையைத் தூக்கினாள்.

வலக்கை தோளுக்கு மேலே வரவில்லை. இடக்கையாலேயே தூக்கினாள். உலக்கை சாய்ந்து விழுந்து சாமை சிதறியது. குனிந்து கூட்டி அள்ளிப் போட்டாள். மறுபடி தூக்கினாள். மறுபடி சிதறியது. மகளுக்குக் காட்டுவதற்காகச் செய்தாளா, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் செய்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அலமேலு எங்களோடு அந்த முற்றத்து வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு பேனல்களுக்கு வந்து, கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். போர்வைகளை உருவினாள். கடைசிக் கம்பளி விழுந்ததும் கொட்டகைக்குள் மிஷின் அலறியது, கூடவே ஜனங்களும்.

"இன்னா ஆச்சு மேடம்?" என்று பக்கத்து ஊர்க்காரர் கேட்டார்.

"ஒயர் லூசா இருந்திச்சிங்க. நான்தான் சரியா மாட்டல" என்றாள் சித்தி.

"அட, அத்தக்கூட பாத்து மாட்டக் கூடாதா?"

"தப்புதாங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சித்தி என் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். மலையிறங்கும்போது ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டதற்கு, "ஜல்தியா நட, பஸ்ஸு பூடும்" என்றாள்.

அடுத்த ஊர்க்காரர்கள் யோசித்து யோசித்துக் கடைசியில் மிஷினுக்குச் சம்மதித்தார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் அலமேலு விடுதியில் சேர்ந்தாள் என்றும், லீவுக்கு வரும்போதெல்லாம் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று அம்மாவோடு கத்திக் கத்திப் பேசுகிறாள் என்றும் சித்தி பிறகொரு முறை மலைக்குப் போய்வந்து சொன்னாள்.

அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது, அலமேலுவின் அம்மா அரைத்த அரிசியை மடியில் கட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். ஊரே சந்தோஷமாக இருந்தது. அவள்தான் அந்த மிஷின் ஓடவேண்டுமென்று எல்லாரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவள். ஆனால் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

கொட்டகை முழுக்க உமி பறந்துகொண்டிருந்ததால், கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன். என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, "கண்ண நல்லா தொறந்து கழுவுங்க, பூடும்" என்று பெரிய மனுஷிபோலச் சொல்லிக் கொடுத்தேன்.

அவளும் வாங்கிக் கழுவிக்கொண்டாள்.