சோடா கம்பெனியை வாங்கியவர்கள்

நேற்று ரயிலில் யாரோ பன்னீர் சோடா திறந்தார்கள். அந்த வாசனையில் நான் வளர்ந்த பேட்டைத் தெரு எழுந்து வந்தது: சோடா கம்பெனியில் அம்மா பாட்டில் கழுவும் கலகலப்பும், எதிரே மரப்பெட்டி அடிக்கும் ஓசையும், பக்கத்து ஐஸ் ஃபேக்டரியின் குளிர்ந்த மூச்சுமாக ஒன்றை நம்பி ஒன்று வாழ்ந்த தெரு. வெளியூர்ப் பெரிய கம்பெனி ஒன்று எங்கள் தெரு சோடா கம்பெனியை வாங்கியது, மூடுவதற்காகவே. இனி யாரும் நிரப்பிவிடக் கூடாதென்று, பாட்டில்களை உடைக்கச் சொல்லி, அவற்றைக் கழுவிய பெண்களிடமே சுத்தியலைக் கொடுத்தார்கள்.

“இதக் கழுவித்தான் எம்புள்ளைக்குச் சோறு போட்டேன். உடைக்கதுக்கு வேற ஆளப் பாரும்யா!” புது மேனேஜரின் மேசையில் சுத்தியலைப் போட்டுவிட்டு அம்மா வெளியேறினாள்.

மறுநாள் லாரியில் ஆட்கள் வந்து உடைத்தார்கள். பெட்டிக்காரரும் ஐஸ்காரரும் அந்தக் கோடை முடியுமுன்னே பூட்டிவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். இதை வளர்ச்சி என்று எவனாவது சொன்னால் இன்றும் என் கை துடிக்கிறது.