பத்து காவான் ஒரு தீவா?

வெள்ளிக்கிழமை பிற்பகல் பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் இறங்கினேன். கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணம். வாசலில் காத்திருந்த ஸ்டெல்லா என் பெட்டியைக் கவனிக்கவில்லை. தோளில் தொங்கிய நீளமான அட்டைக்குழாயைத்தான் முதலில் வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, இதுக்குள்ளதான் உலகமே இருக்கா?"

ஏறத்தாழ அப்படித்தான். வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பெரிதாக அச்சிட்டுச் சுருட்டி வைத்திருந்தேன். பாலைவனங்கள், எரிமலைகள், ஆற்றுமுகங்கள், பனியாறுகள் எல்லாம் அதில் இருந்தன. நான் தூத்துக்குடியில் புவியியல் கற்பிப்பவள். ஸ்டெல்லா பினாங்கில் இடைநிலைப் பள்ளி ஆசிரியை. இணையவழி ஆசிரியர் கூட்டம் ஒன்றில் எங்களுக்குப் பழக்கம். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவள் ஒரு வகுப்பு நடத்துகிறாள். படத்தைப் பார்த்து நிலத்தைப் புரிந்துகொள்வதுதான் பாடம். "விடுமுறைக்கு வாங்களேன், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள் நடத்தலாம்" என்று அவள் அழைத்ததே இந்தப் பயணத்துக்குக் காரணம்.

ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போகலாம். படகுக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளி. ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள். மூன்று கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணையைப் படகு கால் மணிக்குள் கடந்துவிடுகிறது. எதிரே ஜார்ஜ் டவுனின் கட்டடங்களும் அவற்றின் பின்னால் மேகம் படிந்த குன்றும் நெருங்கி வந்தன.

"நீ இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டேன்.

"நான் தீவு, அக்கா. இங்க அதைத்தான் எல்லாரும் முதல்ல கேப்பாங்க. தீவு ஆளுங்க பெருநிலத்தைச் 'செபராங்'னு சொல்லுவாங்க. அக்கரைனு அர்த்தம். கொஞ்சம் இளக்காரமாவும் சொல்லுவாங்க. பாலம் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்தப் பேச்சு மட்டும் போகல."

வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டேன். மறுநாள் அந்தச் சொல் ஒரு சிறுமியின் முகத்தை வாடச் செய்ததைப் பார்த்தபோது வேடிக்கையாக இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த பொதுக்கூடத்தில் வகுப்பு. சாலைக்கு அப்பால் மின்னணுத் தொழிற்சாலைகள். வந்திருந்த பிள்ளைகளில் பலருக்கு அப்பாவோ அம்மாவோ அங்கே வேலை. பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருப்பார்கள்.

சுவரில் முதல் படத்தை ஒட்டினேன். பாலைவனத்தின் பிறைவடிவ மணல்மேடுகள்.

"இது என்ன?"

"கறிபாப்" என்றான் முன்வரிசையில் இருந்த ரூபன்.

கூடம் சிரித்தது. கறிபாப் என்பது உருளைக்கிழங்கை உள்ளே வைத்து மடித்துப் பொரித்த பலகாரம். காலையில் கீழே கடையில் அதைத்தான் தின்றுவிட்டு வந்திருந்தேன், ஒன்று எண்பது காசு. ஆகவே மறுக்க முடியவில்லை. அச்சு அசலாக அதே வடிவம். ஆற்றுமுகத்தைக் கோழிக்கால் என்றார்கள். எரிமலை வாயில் தேங்கிய ஏரி, குவளையில் ஊற்றிய கோப்பி ஆயிற்று.

சொல்லட்டும் என்று விட்டேன். எந்தப் பிள்ளையும் தனக்குத் தெரிந்த பொருளைத்தான் முதலில் படத்தில் காணும். அதன் பிறகு நான் கேட்பது ஒரே கேள்வி. இந்த வடிவத்தைச் செய்தது எது? காற்றா, தண்ணீரா, நெருப்பா, பனியா?

ரூபன் எழுந்து மணல்மேட்டுப் படத்தருகே வந்தான். மூக்கு ஒட்டும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தான். "டீச்சர், காத்துதான். ஓரத்துல மண்ணு கம்மி, அதனால சீக்கிரம் நகருது. நடுவுல மண்ணு ஜாஸ்தி, மெதுவாப் போவுது. கொம்பு நீட்டிட்டு இருக்கிற பக்கம்தான் காத்து போற பக்கம்."

பெரிய வகுப்பு மாணவர்களிடமிருந்துகூட இந்த விடையை நான் எளிதில் பெற்றதில்லை. பையன் கெட்டிக்காரன். கெட்டிக்காரன் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது, அதுதான் தொல்லை.

அடுத்து ஸ்டெல்லாவின் முறை. அவள் படம் எதையும் காட்டவில்லை. அவரவர் உறவினர் வசிக்கும் இடங்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லிப் பலகையில் எழுதினாள். தஞ்சோங் பூங்கா, தெலோக் பஹாங், புக்கிட் மெர்தாஜாம், பெர்மாத்தாங் பாவ், பாயா தெருபோங். பிறகு ஒவ்வொரு பெயரின் முதல் சொல்லுக்கும் அடியில் கோடு போட்டாள். தஞ்சோங் என்றால் கடலுக்குள் நீளும் முனை. தெலோக் என்றால் குடா. புக்கிட் குன்று. பெர்மாத்தாங் என்பது கடல் பின்வாங்கிப் போன இடத்தில் மிஞ்சிய பழைய மணல்வரம்பு. பாயா சதுப்பு நிலம். நாள்தோறும் வாயில் புழங்கும் பெயர்கள் எல்லாம் நிலவடிவங்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் பலகையை மறுபடி வாசித்துப் பார்த்தார்கள்.

"எங்க மாமா வீடு பாயா தெருபோங்லதான். அங்க சேறே இல்லையே, டீச்சர்" என்றாள் ஒருத்தி.

"இப்ப மேல வீடு இருக்கு. கீழ என்ன இருந்துச்சுனு பேரு சொல்லுது லா" என்றாள் ஸ்டெல்லா. பேச்சின் முடிவில் 'லா' சேர்ப்பது இந்த ஊர் வழக்கம்.

பத்தரை மணிக்கு ஒரு சிறுமி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். பெயர் தர்ஷினி. போன மாதம்வரை இதே குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருந்தவள். அம்மாவின் வேலை பத்து காவானில் உள்ள புதிய தொழிற்சாலைக்கு மாறியதால் வீடும் நீரிணைக்கு அப்பால் போய்விட்டது. அவள் உட்கார இடம் தேடியபோது ரூபன் நகர்ந்து கொடுக்காமல் சொன்னான்:

"நீ இப்ப செபராங் ஆளு. இது தீவுப் பிள்ளைங்க வகுப்பு லா."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். அதன்பின் எந்தப் படத்துக்கும் கை தூக்கவில்லை.

கடைசிப் படம் பினாங்கு. விண்ணிலிருந்து எடுத்தது, தீவும் எதிர்க்கரையும் ஒரே தாளில். எல்லோரும் முண்டியடித்து வந்து தங்கள் வீட்டைத் தேடினார்கள். தர்ஷினி எல்லோருக்கும் பிறகு வந்தாள். நீரிணையைக் கடக்கும் இரண்டாம் பாலத்தின் மெல்லிய கோட்டில் விரலை வைத்தாள். அது பத்து காவானில் கரையேறும் இடம்வரை போனாள். அங்கிருந்து ஒரு கருங்கோட்டைப் பிடித்து வடக்கே, கிழக்கே, தெற்கே என்று நகர்த்தி மறுபடி கடலுக்கு வந்தாள். இன்னொரு முறை அதையே செய்தாள்.

"டீச்சர், பத்து காவானைச் சுத்தித் தண்ணி இருக்கு" என்றாள். குரல் எழும்பவில்லை. "அதுவும் தீவுதான்."

"அது ஆறு லா, கடல் இல்ல" என்றான் ரூபன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆறு சூழ்ந்தாலும் தீவுதான் என்றேன். காவிரி இரண்டாகப் பிரிந்து மறுபடி நெருங்கும் இடத்தில் இருக்கும் ஸ்ரீரங்கத்தைப் பற்றிச் சொன்னேன். ரூபன் விடவில்லை. படத்தின் கிழக்கு மூலையைக் காட்டினான். அங்கே கோடு பச்சைக்குள் புகுந்து மறைந்து கொஞ்சம் தள்ளி மறுபடி தெரிந்தது.

"இங்க தண்ணி இல்ல. ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்ப எப்படித் தீவு?"

நல்ல கேள்வி. மரங்களின் கீழே நீர் ஓடுகிறதா, நிலம் ஒட்டியிருக்கிறதா என்று படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. தெரியாது என்று சொன்னேன்.

மதியம் தர்ஷினியை அழைத்துப்போக அவள் அம்மா பரமேஸ்வரி வந்தார். இரவு ஷிப்ட்டு முடிந்ததும் மகளைக் கொண்டுவந்து விட்டவர், இன்னும் தொழிற்சாலைச் சீருடையிலேயே இருந்தார். ஸ்டெல்லாவிடம் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஸ்டெல்லா, கோவிச்சுக்காத. இதுதான் கடைசி வாரம். பாதி சனிக்கிழமை எனக்கு ஷிப்ட்டு. பாலத்துல வந்து திரும்பவே நேரம் போயிருது. இவளும் இப்ப வரமாட்டேங்கிறா. என்னமோ இந்த ஊரு அவளை வேணாம்னு சொன்ன மாதிரி மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கா."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தேன். திட்டப்படி ஞாயிற்றுக்கிழமை நான், படகிலிருந்து பார்த்த அந்தக் குன்றான கொடிமலைக்கு ரயிலில் ஏற வேண்டும், ஊர்க்காரர்களுக்குக் காட்டப் படம் எடுக்க வேண்டும்.

"நாளைக்கு உங்க வீட்டுக்கு வரலாமா?" என்று பரமேஸ்வரியிடம் கேட்டேன். "அந்த மூலையில தண்ணி இருக்கானு பார்க்கணும்."

அவர் குழம்பினாலும் சிரித்தார். "வாங்க டீச்சர். சாப்பாடு நம்ம வீட்டுலதான்."

ஞாயிறு காலை எட்டு மணி. ஸ்டெல்லாவின் காரில் மூன்று பேர். மூன்றாவது ஆள் ரூபன். தான் இல்லாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் அனுமதி வாங்கி வந்திருந்தான். இரண்டாம் பாலம் மொத்தம் இருபத்துநான்கு கிலோமீட்டர். நடுவில் கார் கடலின் மேல் வளைந்து போகும்போது இரு கரையும் ஒரே தொலைவில் நிற்கின்றன. சுங்கம் தீவுக்குத் திரும்பும்போதுதான், போகும்போது இல்லை.

பத்து காவான் முன்பு தோட்ட நிலம். இப்போது அகலமான சாலைகள், சன்னல் இல்லாத நீண்ட தொழிற்சாலைகள், வண்ணம் காயாத அடுக்குமாடிகள். இடையிடையே எண்ணெய் எடுக்கும் செம்பனை வரிசைகள் மிச்சமிருக்கின்றன. நடந்து போகிறவர் ஒருவரையும் காணோம்.

தர்ஷினியும் பரமேஸ்வரியும் ஏறிக்கொண்டதும் கார் நிறைந்துவிட்டது. படம் தர்ஷினியின் மடியில். வழி சொன்னவளும் அவளே. முதலில் வடக்கே ஜெஜாவி ஆறு. அகலமாக, பழுப்பாக, மீன்பிடிப் படகுகளோடு இருந்தது. அதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. தெற்கு ஆறும் அப்படியே. மீதி இருந்தது அந்தக் கிழக்கு மூலை.

தார்ச்சாலை முடிந்து செம்மண் பாதை வந்தது. கொஞ்ச தூரத்தில் அதுவும் சேறானது. இறங்கி நடந்தோம். பரமேஸ்வரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். செம்பனைகளுக்கு நடுவே ஒரு சிறிய சிமெண்டுப் பாலம். அதன் கீழே தண்ணீர் இருந்தது. ஆனால் ஒரு பெரியவர் எம்பினால் தாண்டிவிடக்கூடிய அகலம்தான்.

"இது லொங்காங்" என்றான் ரூபன். சாக்கடைக்கு இங்கே அதுதான் பெயர். "தோட்டத்துக்கு வெட்டினது."

தர்ஷினியின் முகம் சிறுத்துவிட்டது. அவளைத் தேற்ற ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். உண்மை தெரியாமல் என்ன சொல்வது? கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தேன்.

ரூபன்தான் முதலில் குனிந்தான். பிறகு வயிறு சிமெண்டில் படியக் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். வெகுநேரம் அசையவில்லை.

"தர்ஷினி, இங்க வா."

அவள் போகவில்லை.

"வா லா. அங்க பாரு, சேத்துல நடக்குது."

கரைச் சேற்றில் விரல் நீள மீன் ஒன்று துடுப்புகளை ஊன்றி நகர்ந்தது. பிதுங்கிய கண்களால் எங்களைப் பார்த்துவிட்டுத் துள்ளி நீரில் விழுந்தது. அருகே சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேல்நோக்கி முளைத்து நின்றன. முந்தின நாள் அலையாத்திக் காட்டின் படத்தைக் காட்டும்போது நான் பலகையில் வரைந்த அதே மூச்சு வேர்கள்.

"லொங்காங்ல இந்த மீன் இருக்காது" என்றான் ரூபன், எழுந்து சட்டையைத் தட்டியபடி. "இந்த வேரும் வராது. உப்புத் தண்ணி வேணும். கடல் இங்க வரைக்கும் வருது, டீச்சர்."

தர்ஷினி ஒரு காய்ந்த இலையைக் கீழே போட்டாள். அது கடலை நோக்கிப் போகவில்லை. ஓதம் ஏறும் நேரம். இலை மெதுவாக உள்பக்கம் நகர்ந்து, பனைகளின் நிழலுக்குள் போய் மறைந்தது. ஐந்து பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஓடை முழுவதையும் நாங்கள் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. அந்த நிழலுக்கு அப்பால் பாதை இல்லை. அதை நான் பிள்ளைகளிடம் சொன்னேன். மிச்சத்தைப் பெரியவர்களானதும் படகில் போய்ப் பார்ப்பதாக ரூபன் சொன்னான். "நாங்க ரெண்டு பேரும்" என்று அவன் சேர்த்துக்கொண்டதைத் தர்ஷினி மறுக்கவில்லை.

பரமேஸ்வரி பாலத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். "பொறந்ததுல இருந்து தீவுல இருந்தேன். வீடு மாத்தி சாமான் ஏத்தின அன்னைக்கு லோரியில உக்காந்து அழுதேன், இவளுக்குத் தெரியாம. பாரேன், ஒரு தீவுல இருந்து இன்னொரு தீவுக்குத்தான் வந்திருக்கேன்."

"எனக்குத் தெரியும் மா" என்றாள் தர்ஷினி. "நீங்க அழுதது."

அவர் மகளின் தலையில் கை வைத்தார்.

மதியம் மீன்குழம்பும் கங்கோங் கீரைப் பொரியலும். சாப்பிட்டுக்கொண்டே ஸ்டெல்லா அந்தக் குடியிருப்பில் பொதுக்கூடம் உண்டா என்று கேட்டாள். உண்டு, யாரும் பயன்படுத்துவதில்லை என்றார் பரமேஸ்வரி. தன் தொழிற்சாலையிலிருந்து குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு இருப்பதாகவும் சொன்னார். சோறு முடியும் முன்பே மாதத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பு இங்கே என்று முடிவாகிவிட்டது. மற்ற வாரங்களில் தர்ஷினி வர முடியாது. அதற்கு யாரிடமும் வழி இல்லை. ஆனால் அந்த ஒரு வாரம் பாயான் பாருப் பிள்ளைகள் பாலம் கடந்து வருவார்கள்.

திங்கட்கிழமை மதியம் விமான நிலையத்தில் ஸ்டெல்லா விடைகொடுத்தாள். பினாங்குப் படத்தை அவளிடமே விட்டு வந்தேன். அதில் கிழக்கு மூலையில் யாரோ மெல்லிய நீலப் பென்சிலால் கோட்டை இணைத்து, பக்கத்தில் சிறியதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். கையெழுத்து யாருடையது என்று கேட்கவில்லை. ஒரு புவியியல் ஆசிரியைக்கு அந்தக் கேள்விக்குறியைவிட நல்ல பரிசு கிடைக்காது.

என் வகுப்புகளை நான் எப்போதும் இமயமலையில்தான் தொடங்குவேன். இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் தூத்துக்குடியின் படத்தைச் சுவரில் ஒட்டினேன். வெள்ளைக் கட்டங்களாக உப்பளங்கள், நீட்டிய கையாகத் துறைமுகம், அதை ஒட்டி முயல் தீவு. இன்று அங்கே சாலையிலேயே போய்விடலாம்.

"முயல் தீவு தீவா?" என்று கேட்டேன்.

அரை மணி நேரம் வகுப்பில் என் குரல் எடுபடவில்லை. ஆமாம் என்று ஒரு கூட்டம், இல்லை என்று ஒரு கூட்டம். கடைசியில் சன்னலோரத்து மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"இங்க உக்காந்து சண்டை போட்டு என்ன செய்ய, டீச்சர்? பஸ் இருக்குல்லா. போய்ப் பாத்துட்டு வருவோம்."