இரண்டு சைஸ் பெரிய ஷூ

ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும் அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று நிற்கிற ரகம் நான். அப்படிப்பட்டவள் ஹேமாவதி அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன் என்பதுதான் காரணம். விடிகிறதற்கு முன்னால் கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்கும். பிறகு தெருநாய்கள் சோம்பல் முறித்துக்கொண்டு அவர் கூடவே ஓடும் சத்தம். இத்தனை வருஷமாக என் தூக்கத்தைக் கெடுத்தவரைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்?

எங்கள் தெரு பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் தெரு முழுக்க ஜெயவேலு அண்ணன் குடும்பத்து நெல் வயல். இப்போது அதில் என்னைப் போன்ற வாடகைக்காரர்கள் விளைகிறோம். அண்ணனுக்குப் பெருங்களத்தூரில் சிமென்ட், கம்பிக் கடை. ஹேமாவதி அக்கா அவர் மனைவி, ஐம்பதைத் தாண்டியவர். தொளதொளவென்று ஒரு டீ-ஷர்ட், பேன்ட், நெற்றியில் குங்குமம், கொண்டையில் முதல் நாள் பூ. இந்தக் கோலத்தில்தான் ஓடுவார். முதலில் சிரித்தவர்கள் எல்லாம் அவர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்ததை நான் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அவர் ஓட ஆரம்பித்த கதையை மாரத்தான்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அண்ணனுக்கு மாரடைப்பு வந்து, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து, பிழைத்து வந்தார். தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு பேரும் ஏரிக்கரைப் பாதையில் நடக்கப் போனார்கள். அண்ணனுடைய நடை சாமி ஊர்வலம் மாதிரி. கூடவே போனால் அக்காவுக்குக் கால் கடுத்தது. முன்னால் போனாலோ, பின்னால் அவருக்கு என்ன ஆனதோ என்று மனசு அடித்துக்கொண்டது. அப்போதுதான் ஒன்று கண்டுபிடித்தார். ஏரியைச் சுற்றி ஓடிவிட்டால் மறுபடியும் அண்ணன் பின்னால் வந்து சேரலாம். முதலில் அவர் நடை தெரியும், தாண்டும்போது முகம் தெரியும். வியர்க்கிறதா, மூச்சு இறைக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ஒரு சுற்று. எவ்வளவு வேகமாக ஓடுகிறாரோ அவ்வளவு சீக்கிரம் அந்த முகத்தைப் பார்க்கலாம். இப்படித்தான் அக்கா ஓட்டக்காரி ஆனார்.

பிறகு தாம்பரத்துப் பக்கம் ஓடுகிற ஒரு கூட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. ரோட்டில் ஓடினார், வண்டலூர் தாண்டிக் கரடுமுரடான பாதையில் ஓடினார், கடைசியில் மலையே பழகிவிட்டது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. மேடு பள்ளத்தில் இறங்கினால் கணுக்கால் மடங்கும். போன வருஷம் ஜவ்வாது மலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தார். கடைசி இறக்கத்தில் ஒரு கல் மேல் கால் வைக்க, கணுக்கால் புரண்டு, ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். இன்னொரு தடவை மடங்கினால் ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த ஓட்டத்துக்கே இந்த வருஷமும் பெயர் கொடுத்துவிட்டு வந்தார் அக்கா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"எதுக்குக்கா இந்த வயசுல? யார்கிட்ட என்ன நிரூபிக்கணும் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"போன வருசம் ஜீப்புல வந்து எறங்கச்சொல்லோ அவுரு நின்னுகினு இருந்த நெலம இருக்கே டீச்சர். மூஞ்சில ரத்தமே இல்ல. ஆஸ்பத்திரி வாசல்ல நான் அப்டிதான் நின்னுகினு இருந்தேன். நானா நடந்து எறங்கி வந்து அவுருகிட்ட நிக்கணும். அவ்ளோதான்."

 

கணுக்காலுக்கு என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று. எண்ணெய் நீவினார்கள், பட்டை கட்டினார்கள், அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். வயசாகிவிட்டது, அதுதான் என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். ஷூவை யாரும் சந்தேகப்படவில்லை. ஓடுகிற கூட்டத்தில் ஒருவர்தான், மலைக்கென்றே தனி ஷூ இருக்கிறது, கேம்ப் ரோடு பக்கம் உமேஷ் என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார். கடையில் இங்கிலீஷில் பேசினால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று அக்கா என்னையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டார்.

உமேஷ் தமிழில்தான் பேசினார். அவரும் மலை ஓட்டக்காரர். அக்காவின் பழைய ஷூவை வாங்கி, துணி பிழிவதுபோல் முறுக்கினார். அது சுலபமாக முறுக்கிக்கொண்டது. அடியிலிருந்த கனமான ஸ்பாஞ்சை அழுத்திக் காட்டினார்.

"இது ரோட்டுக்கு ஓகே அக்கா. கல்லு மேல மெத்தை போட்டு, அது மேல நின்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் நின்னுட்டு இருந்திருக்கீங்க. மலைக்கு, அடிப்பாகம் அகலமா தரையில உட்காரணும். கூர்கல்லு மேல மிதிச்சாலும் பாதத்துக்குத் தெரியக் கூடாது. குதிகாலைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும்."

பிறகு பழைய ஷூவின் நாக்கைப் புரட்டி சைஸைப் பார்த்தார். அக்காவின் பாதத்தை அளவுப் பலகையில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் ஷூவைப் பார்த்தார்.

"உங்க கால் ஏழு. இது ஒன்பது. யாரு அக்கா இதக் குடுத்தாங்க?"

"நானேதான் கேட்டு வாங்கனேன்," என்றார் அக்கா. "சின்னது போட்டா முன்னாடி இடிக்குது."

"தூரமா ஓடினா கால் வீங்கும், கொஞ்சம் இடம் வேணும். அதுக்கு ஏழரை போதும். ஒன்பதுல குதிகால் உள்ள மிதக்கும். அப்புறம் கணுக்கால் மடங்காம என்ன செய்யும்?"

ஏழரையில் ஒன்று எடுத்துவந்தார். சாம்பல் நிறம், அகலமான அடிப்பாகம், விரல் நுனிக்குத் தடித்த ரப்பர். பார்க்க அழகில்லை. அக்கா போட்டுக்கொண்டு எழுந்தார். கடைக்குள் ஒரு சாய்வுப் பலகை வைத்திருந்தார்கள். அதில் ஏறினார், பக்கவாட்டில் நின்றார், ஒற்றைக் காலில் நின்றார். ஷூ அசையவில்லை. அக்கா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அதே பலகையில் இறங்கும்போது முகம் சுருங்கியது.

உமேஷ் குனிந்து ஷூவின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அக்கா ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார்.

இரண்டாவது விரலில் மெட்டி. சாதாரண மெட்டி இல்லை. ஊர் மெச்ச வேண்டும் என்று மாமியார் தாயாரம்மாள் கெட்டி வெள்ளியில் இரண்டு சுற்றாகச் செய்து, கல்யாணத்தில் அண்ணன் கையால் போடவைத்தது. பக்கத்து விரல்கள் இரண்டும் சிவந்து, தோல் கன்றிப் போயிருந்தன. இத்தனை நாளும் அக்கா ஷூ வாங்கியது பாதத்துக்கு அல்ல, அந்த மெட்டிக்கு.

மூன்று பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. புருஷன் இருக்கிறபோது மெட்டியைக் கழற்றுங்கள் என்று ஒரு பெண்ணிடம் சொல்ல எந்த ஆணுக்கு வாய் வரும்? வகுப்பையே கிடுகிடுக்க வைக்கிற எனக்கே வரவில்லை. "வேற மாடல் இருக்கான்னு பாக்கறேன்," என்று உமேஷ் உள்ளே போனார். எந்த மாடலும் உதவாது என்று அவருக்கும் தெரியும். அதை எடுத்து வைங்க, யோசித்துச் சொல்கிறேன் என்று அக்கா கிளம்பிவிட்டார்.

இரும்புலியூர் பக்கம் வண்டிகள் நகராமல் நின்றபோது கேட்டேவிட்டேன். "ஓடற நேரத்துக்கு மட்டும் கழட்டினா என்னக்கா?"

அக்கா திரும்பவில்லை. "அவுரு மார்ல கழுத்துலருந்து வயிறு வரிக்கும் தையல் கீது டீச்சர். நான் இத கழட்டி வெச்சிட்டு ஓடி, அன்னிக்கு எதனா ஆயிடுச்சின்னா, அந்த ஷூவ பாத்துக்கினு நான் எப்டி வூட்ல இருப்பேன்?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் என் காலிலும் மெட்டி இருக்கிறது. நானும் அதைக் கழற்றியதில்லை. வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். "இன்னா, ஷூ எங்க?"

"சைஸ் இல்லியாம்," என்றார் அக்கா.

நான் பேசாமல் மாடிப்படி ஏறியிருக்கலாம். அதற்கு வேறு பிறவி எடுக்க வேண்டும். "சைஸ் இருக்கு அண்ணா. மெட்டிதான் இடிக்குது," என்றேன். மறுநாளே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்போல் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அண்ணன் எழுந்தார். உள்ளே போய் ஒரு மக்கில் தண்ணீரும் சோப்பும் எடுத்துவந்தார். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னா பண்றீங்க? எந்திரிங்க."

"கால நீட்டு."

"வேணாங்க. ஆவாதுங்க." அக்கா இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"ஆபரேசனுக்கு உள்ள தள்ளிக்கினு போறதுக்கு முன்னாடி அந்த நர்சு பொண்ணு இன்னா பண்ணுச்சி, ஞாபகம் கீதா? என் அரைஞாண் கயித்த நறுக்குன்னு வெட்டி உங்கையில குடுத்துச்சி. நம்ம பக்கம் அந்தக் கயித்த எப்ப அறுப்பாங்க? சொல்லு."

பிணத்தைக் குளிப்பாட்டும்போதுதான் அறுப்பார்கள். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"உசுரோட இருக்கச்சொல்லோ அறுத்தாங்க. நான் போய்ட்டனா? உள்ள போவணும்னா அது இருக்கக் கூடாதுன்னாங்க, வெட்டிக்கினு போனேன். வெளிய வந்தேன், நீதான் புதுசு கட்டிவுட்ட. இதுவும் அப்டித்தான். நீ போய்ட்டு வா. வந்ததும் நான் போட்டுவுடறேன்."

அக்காவின் கால்கள் மெதுவாக வெளியே வந்தன. அண்ணன் சோப்பைத் தடவி, திருகித் திருகி, வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே கழற்றினார். விரலில் வெள்ளையாக ஒரு தடம். வெயிலே படாத தோல். அதைக் கட்டைவிரலால் தடவிக் கொடுத்தார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் படியில் நின்று அழுதேன். இரண்டு மெட்டிகளும் அண்ணனுடைய சட்டைப் பைக்குப் போயின.

மறுநாள் அந்தச் சாம்பல் நிற ஷூ வீட்டுக்கு வந்தது. ஏரிக்கரையில் ஓடிப் பழக்கினார். ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் அண்ணன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் அக்கா அடுத்த சுற்றுக்குப் போவார்.

ஜவ்வாது மலைக்கு நானும் போனேன். ஓடுகிறவர்களைப் பிடிக்காது என்று சொன்னேனே தவிர, அக்காவைப் பிடிக்காது என்று சொல்லவில்லை. மலையடிவாரத்தில் வெயில் காய்ந்தது. வருகிறவர்கள் எல்லாம் வந்துகொண்டிருந்தார்கள், அக்காவைக் காணோம். ஒரு ஜீப் இறங்கிவந்தது. அண்ணன் சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஜீப்பில் வேறு யாரோ இருந்தார்கள். எனக்குப் போன உயிர் வந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில், கடைசியாக வந்த சிலரோடு அக்கா வந்தார். உடம்பெல்லாம் புழுதி, குங்குமம் வழிந்திருந்தது, இரண்டு காலும் நேராக இருந்தன. அதே இறக்கத்தில் கல் புரண்டதாம். "கால் சாஞ்சிது டீச்சர். ஷூ வுடல," என்றார் என்னிடம். யாரோ கழுத்தில் மெடல் போட்டார்கள். அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

நேராக அண்ணனிடம் வந்து நின்றார். பிறகு ஒரு கல் மேல் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, சாக்ஸைக் கழற்றி, காலை நீட்டினார். அண்ணன் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டார். மெட்டியை எடுத்து விரலில் நுழைத்தார். போகவில்லை. விரல்கள் எல்லாம் வீங்கிக் கிடந்தன. இன்னொரு தடவை பார்த்தார். பாதியில் நின்றது.

"அழுத்திப் போடுங்க. எனக்கு வலிக்கல," என்றார் அக்கா.

அண்ணன் மெட்டியை மறுபடியும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு கையாலும் அந்தப் பாதத்தை அமுக்கிவிட ஆரம்பித்தார்.

"வீங்கிக்கீது ஹேமா. வடியட்டும், போட்டுக்கலாம். நான் எங்க போவப்போறேன்?"