புகை தெரிந்த ஜன்னல்

போன வருஷம் மே மாதம், சிவகாசியில் நடந்தது இது. டவுனுக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு பாக்கிங் வேலை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். லோடு ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஏழாம் வகுப்பு முடித்த மகளை லீவு முழுக்க வீட்டில் தனியாக விட்டுப் போக எனக்கு மனசில்லை. டவுனில் ஒரு சமுதாயக் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே சேர்த்துவிட்டேன். ஓவியம், கம்ப்யூட்டர், இங்கிலீஷ் பேச்சு என்று மத்தியானம் வரை பிள்ளைகளை உட்கார வைத்துக்கொள்வார்கள்.

கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஒரே கேலி. "நாம பத்தாப்பையே எட்டிப் பாக்கல. இவ மக ஏழாப்பு முடிச்ச கையோட காலேஜுக்குப் போறா பாத்தியா" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. நானும் விடவில்லை. "எட்டாப்புல இடம் இல்லேன்னுட்டாக, அதான் நேரா காலேஜு" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

அன்றைக்கு பதினோரு மணி வாக்கில் அந்தச் சத்தம் கேட்டது. தரை ஒரு தரம் உதறி அடங்கியது.

எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டால் முதலில் யாரும் கூப்பாடு போடமாட்டார்கள். வானத்தைத்தான் பார்ப்பார்கள். புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று தெரிந்தால்தான் மூச்சே வரும். "கையில உள்ளத அப்படியே வச்சிட்டு வெளிய வாங்க, ஓடாம வாங்க" என்றார் போர்மேன். வந்து பார்த்தோம். புகை டவுன் பக்கமாக, நமக்கும் டவுனுக்கும் நடுவே எழும்பிக்கொண்டிருந்தது. நம் கம்பெனி இல்லை என்று ஒரு நிம்மதி. அடுத்த நிமிஷமே, அங்கே யாருடைய பிள்ளையோ, யாருடைய அம்மாவோ என்று நினைப்பு ஓடியது.

வேலை செய்யும் இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. காலையிலேயே வாங்கி கேட்டில் வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு ரூமாகப் போய்ப் பார்த்து, எல்லா ஆளும் வெளியே வந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் போர்மேன் எங்களை கேட்டுக்கு விட்டார். என் போனை வாங்கிப் பார்த்தால், வகுப்பு டீச்சரிடமிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு வந்திருந்தது. கூப்பிட்டேன்.

"அக்கா, நல்லா இருக்கீகளா? பாப்பா உங்ககிட்ட வந்துட்டாளா?"

"எங்கிட்டயா? அவ உங்க கிளாஸ்ல தான டீச்சர் இருக்கா?"

டீச்சர் அழுதுகொண்டே சொன்னார். வகுப்பு மாடியில் நடக்கிறது. சத்தம் கேட்டதும் பிள்ளைகள் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் வெடித்த கம்பெனியும் எங்கள் கம்பெனியும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. புகை எதற்கு மேலே என்று பெரியவர்களாலேயே சொல்ல முடியாது. "அது எங்க அம்மா கம்பெனி" என்றிருக்கிறாள் என் மகள். டீச்சர் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். கேட்டில் வைத்திருந்த போனை யார் எடுப்பது? ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குப் பேச டீச்சரைச் சூழ்ந்துகொண்ட நேரத்தில், இவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

மகளைக் காணோம் என்று போர்மேனிடம் ஓடினேன். அவர் பேச்சுக் கொடுக்காமல் வண்டியை எடுத்தார். "ஏறுத்தா" என்றார், அவ்வளவுதான்.

ஒரு இடத்தில் வெடித்தால் அதோடு முடியாது. பார்க்கப் போய் இரண்டாவது வெடியில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி எங்கள் ஊரில் கேள்விப்படாத ஆள் கிடையாது. என் மகள் நின்று யோசிக்கிற பிள்ளையும் இல்லை. அம்மா உள்ளே என்று நினைத்தால் நேரே நெருப்புக்குள் போவாள். இருக்கன்குடி மாரியம்மனைக் கூப்பிட வாயெடுத்தால் மகள் பேர்தான் வந்தது. எங்களைத் தாண்டி ஒரு ஆம்புலன்ஸ் போயிற்று. பின்னாலேயே இன்னொன்று.

ரோட்டில் போலீஸ் கயிறு கட்டி ஆளை மறித்திருந்தது. டவுனிலிருந்து வந்த பஸ்கள் அங்கேயே நின்றிருந்தன, அதில் ஒன்றில்தான் மகள் வந்திருக்க வேண்டும். பிள்ளை பேரைக் கத்திக்கொண்டே கூட்டத்துக்குள் புகுந்தேன்.

கயிற்றை ஒட்டி நின்றிருந்தாள். ஒரு பெண் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். என் மகள் திமிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, கட்டிக்கொள்ளக்கூட இல்லை, என் வயிற்றில் குத்தினாள். "போன ஏன் எடுக்கல? போன ஏன் எடுக்கல?"

அந்தப் பெண் மூச்சு விட்டாள். "நீங்கதான் அம்மாவா? கம்பெனி பேரு சொன்னா. அது இது இல்ல, தள்ளி அங்கன இருக்குன்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். கேக்காம கயித்துக்குக் கீழ பூந்துட்டா. சட்டையப் பிடிச்சு இழுத்தேன். கோவிச்சுக்கிடாதீக, முதுகுல ஒண்ணு போட்டுப்புட்டேன்."

"இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம் நீங்க" என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்புறம்தான் கேட்கத் தோன்றியது. "நீங்க யாரப் பாக்க வந்தீக?"

அவள் கண் புகையை விட்டு நகரவில்லை. "எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு. வெடிமருந்து கலக்குற ரூமு."

நானும் புகையைப் பார்த்தேன்.

"பிள்ளைய கூட்டிட்டுப் போங்க. வெயிலு கொளுத்துது" என்றாள்.

போர்மேன் வண்டிப் பக்கமாகத் தலையை அசைத்தார். நான் நகராமல் நின்றேன். அதற்குள் என் மகள் போய், அவ்வளவு நேரம் எந்தக் கையிலிருந்து திமிறினாளோ அந்தக் கையைத் தானே பிடித்துக்கொண்டாள். நான் மறுபக்கம் போய் நின்றேன். உள்ளேயிருந்து ஒவ்வொரு வண்டி வரும்போதும் அந்தப் பெண் குதிகாலை உயர்த்துவாள். வண்டி கடந்ததும் தணிவாள்.

கடைசியில் கம்பெனி ஆள் ஒருவர் வந்து ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கூட்டத்தின் இரைச்சலில் அது என் காதில் விழவில்லை. அவள் காதில் விழுந்துவிட்டது. அவள் வீட்டுக்காரரை முதல் வண்டியிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம், பேசினாராம்.

"என்ன பேசுனாரு? உங்ககிட்டயா பேசுனாரு?"

"தண்ணி கேட்டாருத்தா. ஏறு, போவோம்."

அவள் ஏறினாள். வண்டி போய்விட்டது. பேர்கூடக் கேட்கவில்லை நான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காயம்பட்டவர்களில் சிலரை மதுரைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். பேர் தெரியாமல் யாரென்று கேட்பது? இப்போது எங்கள் கேட் வாட்ச்மேன் நம்பர் வகுப்பு டீச்சரிடம் இருக்கிறது. சத்தம் கேட்டால் முதல் போன் அவருக்குத்தான். மகள் ஒரு வாரம் கழித்து மறுபடி வகுப்புக்குப் போனாள். இந்த வருஷமும் போகிறாள்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் பிழைத்து வீடு வந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என் வீட்டு ஆள் உள்ளே இருக்க நான் வெளியே நிற்கும் நேரம் வந்தால், பக்கத்தில் கயிற்றுக்குக் கீழே குனிகிற அடுத்தவள் பிள்ளை என் கண்ணில் படுமா என்று, ஒவ்வொரு சத்தத்துக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.