அந்தப் பக்கமும் பேச வேண்டும்

தமிழில் எழுதப்பட்ட விண்ணப்பத்துக்கு அரச அலுவலகம் தமிழிலேயே பதில் தர வேண்டும். இது சலுகையல்ல, சட்டம். பணிக்காலமெல்லாம் இதைப் பிறருக்கு எடுத்துச் சொன்னவன் என்பதால், அக்காவின் விண்ணப்பத்தையும் நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். பதில் தமிழில் வருமா, சிங்களத்தில் வருமா என்று வீட்டில் பந்தயம் கட்டினோம். பதிலே வராது என்று எவரும் கட்டவில்லை.

அக்கா வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைக்க, தோட்டப் பாடசாலையில் ஆசிரியையானார். மச்சான் இளவயதில் காலமானபின் மகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கினார். இவை இம்மலரை வாசிக்கும் உங்களுக்குத் தெரிந்தவை. ஓய்வு பெற்றபின் அவர் ஏன் அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்தார் என்பதுதான் பலருக்கும் புரியவில்லை. பழைய ரேடியோவில் நிலையம் தேடியபோது, இரண்டு நிலையங்களுக்கு நடுவே வாத்துக் குரலில் யாரோ எதையோ திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டதாம். "அந்த வாத்து என்னதான் சொல்லுச்சுன்னு தெரிஞ்சுக்கணும்டா" என்றார். சொந்தக் கருவியில் முகம் தெரியாதவர்களைக் கூப்பிட்டுப் பேசும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் குரல்தான் சாதாரண ரேடியோவில் அப்படி வாத்தாகக் கேட்குமாம். அதற்காகவே பரீட்சை எழுதித் தேறினார்.

வானொலிப் போட்டிகளில் அக்கா ஒருபோதும் முன்னணிக்கு வரவில்லை. குறித்த நேரத்துக்குள் யார் அதிகம் பேரோடு தொடர்பு கொள்கிறார் என்பதுதான் போட்டி. எதிர்முனையின் குரல் எவ்வளவு தெளிவு என்று மதிப்பெண்ணும் தர வேண்டும். அவசரத்தில் எல்லோரும் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, "கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்பார்கள். அரச சேவையில் இருந்த எனக்கு இது புதிதல்ல. அக்கா மட்டும் கேட்டபடியே மதிப்பெண் போட்டார். டீச்சர் அல்லவா.

பூங்காக்களுக்குள் போய் அங்கிருந்து பேசுவது இந்தப் பொழுதுபோக்கின் இன்னொரு கிளை. எங்கள் தோட்டத்தை ஒட்டிய வனப்பூங்காவிலிருந்து அதுவரை எவரும் பேசியதில்லை. முதல் குரல் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. பேசுபவரும் அவர் கட்டும் ஆன்டெனா வயரும் எல்லைக்குள் இருந்தால்தான் கணக்கு. அதற்குத்தான் அந்த விண்ணப்பம்.

மாதங்கள் போயின. வாசல் காவலர் பண்டா இரக்கப்பட்டார். "நோனா, டிக்கட் எடுத்து உள்ள போங்க. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறது."

வயர் கட்டக்கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அக்கா அசையவில்லை.

"கேட்டாச்சுல்ல? அவங்க சொல்லட்டும். நான் கூப்பிட்டா மட்டும் தொடர்பு ஆகிருமா? அந்தப் பக்கமும் பேசணும்டா."

ஆகவே எல்லைக்கு இப்பால், தேயிலை மலையில், சவுக்கு மரத்தில் வயரைக் கட்டி, ஆட்டோ பேட்டரியில் கருவியை இயக்கினார். கொழுந்து பறிப்பவர்கள் சுற்றி நின்றார்கள்.

"யாருகூட டீச்சரம்மா பேசுறீங்க?"

"யாருன்னு தெரிஞ்சா எதுக்குடி கூப்பிடுறேன்?"

ஜப்பானிலிருந்து ஒருவர் பதிலளித்தார்.

"அங்கயும் தேயிலை இருக்காமே? கிலோவுக்கு என்னா குடுக்குறாங்கன்னு கேளுங்க!"

"ஐயோ, கேட்டுட்டு நாளைக்கு வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கே போகமாட்டா இவ" என்றாள் இன்னொருத்தி.

பூங்கா அவர் கண்ணெதிரில் இருந்தது. அங்கிருந்து பேசுவதாக ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை.

படுக்கையில் விழுந்தபின் என்னைக் காணும்போதெல்லாம் ஒரே கேள்வி: "பதில் வந்துச்சா?" வரவில்லை. அக்கா போய்விட்டார்.

கருமாதியன்று வந்தது. விண்ணப்பதாரர் நேரில் வந்தால் அனுமதி உண்டு என்று, சிங்களத்தில்.

அதற்குள் வானொலி உரிமம் பெற்றிருந்த மகளிடம் பண்டா, "அந்தக் கடிதத்தையே கொண்டு வாங்க மகள், நான் பேரு பாக்கிறது இல்ல" என்றார். அவள் தாயின் மகள். "அம்மா பேர்ல நான் போனா, அம்மா போனதா ஆகிருமா அங்கிள்?" என்று சொல்லிவிட்டுத் தன் பெயரில் புதிதாக விண்ணப்பித்தாள். தமிழில்.

அக்காவின் இறுதி நாட்களில் இரவு பகல் பாராமல் உடனிருந்த அயலவர்களுக்கும், வயரைத் தூக்கிப் பிடித்த கொழுந்துப் பெண்களுக்கும், திரும்பி நிற்கத் தயாராயிருந்த பண்டாவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அந்த அலுவலகத்துக்கும் நன்றி சொல்ல வேண்டியதாகிவிட்டது. மகளுக்கு அனுமதி வழங்கி, சட்டத்தில் உள்ளபடி தமிழிலேயே அவர்கள் பதில் அனுப்பினார்கள். அது வந்து சேர்ந்தது, அக்காவின் முதலாண்டு நினைவுக்காக இம்மலர் அச்சுக்குப் போகவிருந்த வெள்ளிக்கிழமை காலை.