பாதி ஆட்டம் வரை

புனே பக்கம் சாகணில் என் அறைச் சுவரில் ஒரு நீல ரெக்ஸின் பை தொங்குகிறது. ஜிப் பிய்ந்து பல காலமாகிறது. முன்பு அதே புனேயின் தாபோடியில் ஒரு பட்டறையில் என்னோடு வேலை பார்த்த உலைக்கார அண்ணனின் பை அது. தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பட்டறையில் இரும்புச் சாமான்களைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தோம். உலை அணையக் கூடாது. உலையடியில் நாங்கள் இரண்டே பேர் என்பதால், பொங்கலுக்கு ஒருவனுக்குத்தான் சேட் லீவு கொடுப்பார்.

யாருக்கு என்பதைப் பந்தயம் முடிவு செய்யும். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பாஸ்கெட்பால் மைதானம். எங்கள் டீ நேரத்தில் ஆட்டம் தொடங்கும். பாதி ஆட்டத்துக்கு விசில் ஊதும்போது டீ நேரம் முடிந்துவிடும். மிச்ச ஆட்டத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆகவே பாதியில் நீலம், சிவப்பு இரண்டில் எந்த அணி முந்தி நிற்கிறது என்பதுதான் பந்தயம். ஜெயித்தவன் லீவைக் கைமாற்றக் கூடாது. யாரோ ஒரு புதுப் பையனை மிரட்டி லீவைப் பிடுங்கிய பிறகு அண்ணனே வைத்த விதி அது.

அவர் தர்மபுரிப் பக்கம். கடைசியாக ஊருக்குப் போனபோது தவழ்ந்துகொண்டிருந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கட்டிலுக்கடியில் அந்தப் பை எப்போதும் கட்டித் தயாராக இருக்கும். எனக்குப் போக வீடு கிடையாது. ஏழாவதோடு ஊரை விட்டவன். "அப்புறம் நீ எதுக்குடா பந்தயம் கட்டுற?" என்றார். "இந்தச் சூட்ட விட்டு வெளிய போனா போதும்ணே."

மூத்தவர் முதலில் சொல்ல வேண்டும். "நீலம்" என்றார். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க, டீ நேரம் முழுக்க உலையடியில் நிற்பவர் அவர். ஆட்டம் முடியும்போது எழும் கூச்சலை மட்டுமே கேட்டவர். "அண்ணே, நீலம் முதல் பாதியில புதுப் பசங்களத்தான் எறக்குவான்." சிரித்தார். "எங்கிட்டயேவா? வாராவாரம் அவனுங்க ஜெயிச்சுக் கத்துறதுல நம்ம தகரமே ஆடுது. போடா." எனக்குச் சிவப்பு வந்தது.

அன்று மட்டும் நான் உலையடியில் நின்றேன். அவர் மதிலடிக்குப் போனார். விசில் ஊதியது. வாட்ச்மேன், "அண்ணா, லால் ஆகே! சிவப்புதான் முன்னாடி!" என்று கத்தினான். அண்ணன் திரும்பி வந்து என் கையிலிருந்த இடுக்கியை வாங்கிக்கொண்டார். "நீங்களே போங்கண்ணே." "நான் வச்ச விதிய நானே மாத்தினா, நாளைக்கு எவன் கேப்பான்?" கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அப்பால் நீலம் ஜெயித்த கூச்சல் எழுந்தது. தகரம் ஆடியது. அவர் உலைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கயாவது சுத்தத்தானே போற? எங்க வீட்டுக்குப் போ" என்று பையைக் கொடுத்தார். தர்மபுரியில் அவர் மனைவி பையைப் பிரித்தார். மகளுக்குக் கவுன், மனைவிக்குப் புடவை. அடியில் பொங்கலுக்கென்று அண்ணன் தனக்கு எடுத்திருந்த சட்டை. அதை எடுக்க மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா, தெரியாது. அந்த அம்மா அதை ஆணியில் மாட்டினார். பொங்கலன்று அண்ணன் இடத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டேன். மகள் என்னையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

திரும்பி வந்து பையை நீட்டினேன். அண்ணன் கையில் தூக்கிப் பார்த்தார். "சட்டை?"

"வீட்டுல மாட்டியிருக்குண்ணே."

"அந்தச் சட்டையாவது ஊருக்குப் போச்சே" என்று பையை என் பக்கமே தள்ளினார். "நீதான்டா போறவன். வச்சுக்க."

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். இங்கே கேட்டால் லீவு கிடைக்கிறது. பை ஆணியில் காலியாகத் தொங்குகிறது.