வெளுத்துக் கிடந்த பவளப்பாறை

இறக்கக்கண்டியிலிருந்து புறாத்தீவுக்குப் படகில் ஆட்களை ஏற்றிப்போவது என் தொழில். அங்குள்ள பவளப்பாறைகளின் நிறங்களைப் பற்றி மனைவிக்கு வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். கடலென்றாலே பயப்படுபவள், ஒருநாள் தானாகவே கூட வந்தாள். பல நாட்களாகக் காற்றில்லாமல் தண்ணீர் சுட்டுக்கொண்டிருந்தது.

கடலடியைப் பார்க்கும் கண்ணாடி முகமூடியோடு தலையைத் தண்ணீருக்குள் விட்டவள், நிமிர்ந்து சிரித்தாள்.

“எவ்வளவு வடிவு! பால்போல வெள்ளை.”

திடுக்கிட்டு நானும் பார்த்தேன். ஊதாவும் பச்சையுமாக இருந்தவை எலும்பாய் வெளுத்துக் கிடந்தன.

“நீங்கள் சொன்ன நிறமெல்லாம் எங்கே?”

“கடல் சூடேறினதால நிறம் போயிட்டுது. சூடு தணியாட்டில் செத்துப்போயிடும்.”

அவளுடைய சிரிப்பு நின்றது. “எங்களால ஒண்டும் செய்ய ஏலாதா?”

“ஏலாது.”

மழைக்குப் பிறகு சில இடங்களில் நிறம் திரும்பியது. மற்ற இடங்களில் செத்த பவளங்களைப் பாசி மூடிவிட்டது. அவளை ஒரு வருடம் முந்திக் கூட்டிப்போயிருக்கலாம் என்ற எண்ணம் என்னை விடுவதேயில்லை.